சண்டேஸ்வரரின் கதையாத் திருவிழா

மாப்பிள்ளையின் தாய் வருகிற நாளில் பெண்ணைப் பெற்ற எவளுக்கும் கை கால் ஓடாது. உதயகலாவுக்கு அன்று காலை வாயும் ஓடவில்லை. அதுதான் கதிரவேலுவைப் பயமுறுத்தியது.

கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் அவளுடைய கதை இல்லாமல் அவர் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்ததில்லை. அன்று கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவள், ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

"என்னப்பா, சுகமில்லையே?" என்று கேட்டார்.

"பின்னேரம் அவ வாறா. நீங்கள் நல்ல வேட்டியாய் எடுத்து உடுங்கோ. உந்த வாழைக்கறை பிடிச்சதோடை வந்து நிக்காதையுங்கோ."

"சண்டேஸ்வரருக்கு என்ரை வேட்டியைத் தெரியும்."

"சண்டேஸ்வரர் பொம்பிளை கேட்டு வரேல்லை," என்றாள் உதயகலா. கதிரவேலு கிணற்றடிக்குப் போனார்.

போன கிழமைதான் மாப்பிள்ளையின் தாய் பாலேஸ்வரி இந்த வீட்டாரைக் கலங்கடித்துவிட்டுப் போயிருந்தாள். பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் மகள் தர்சிகாவுக்கும், வவுனியாவில் பொறியியலாளராக இருக்கும் ஜெயரூபனுக்கும் மனசும் பொருந்தி, சாதகமும் பொருந்தியிருந்தது. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்கு நாள் வைக்க வேண்டியதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, சண்டிலிப்பாயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் சரி. பொம்பிளையின்ரை சித்தப்பாவைத்தான் நாங்கள் இன்னும் காணேல்லை. தேப்பனும் சித்தப்பாவும் சேர்ந்து நிண்டாத்தான் நாள் வைக்கலாம். சகோதரம் ஒட்டாத வீட்டிலை நாங்கள் சம்பந்தம் செய்யமாட்டம்."

அந்தச் சித்தப்பா கனகலிங்கம் எங்கேயோ தூரதேசத்தில் இருக்கிறார் என்றால் சமாளித்திருக்கலாம். அவர் அடுத்த வளவில் இருக்கிறார். பாலேஸ்வரி இதைச் சொன்ன நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமியதுகூடக் கேட்டது. அண்ணனும் தம்பியும் கதைத்து நாலு வருசம்.

உதயகலாவுக்கு ஆபத்து நேரத்தில் மூளை நன்றாக வேலை செய்யும். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னாள்.

"அதுக்கென்ன, வாற கிழமை எங்கடை சண்டேஸ்வரர் திருவிழா. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் சாமியைத் தோளிலை காவுவினம். வந்து பாருங்கோவன்."

இதில் ஒரு சொட்டுப் பொய்யும் இல்லை. அதுதான் அவளுடைய கெட்டித்தனம்.

ஊர்ச் சிவன்கோயில் திருவிழாக்களில் தேர், சப்பறம், தீர்த்தம் எல்லாம் கனடாக்காரர், சுவிஸ்காரர் கைக்குப் போய்விட்டன. கடைசியில் வருகிற சண்டேஸ்வரர் திருவிழாவை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது பரம்பரையாகக் கதிரவேலு குடும்பத்தின் உபயம். கொடி இறக்கிய மறுநாள் பின்னேரம், பாதி ஊர் வீட்டில் நித்திரை கொள்கிற நேரம், சண்டேஸ்வரர் வெளிவீதி வருவார். தவில் இல்லை, நாதஸ்வரம் இல்லை, அரோகராச் சத்தம்கூட இல்லை. அவர் எப்போதும் தியானத்தில் இருப்பவர், குழப்பக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

சாமி வாசலை விட்டு எழுந்ததிலிருந்து திரும்பி வந்து சங்கு ஊதும் வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால், சாமி உள்ளே போகாமல் வாசலிலிருந்து மறுபடியும் முழுவீதியும் சுற்றவேண்டும். கைக்குழந்தைக்கும் காகத்துக்கும் விலக்கு உண்டு. ஒருமுறை யாரோ ஒருவரின் கைபேசி அடித்தபோது, அது கதைத்ததாகுமா ஆகாதா என்று பரிபாலன சபை கூடி விவாதித்தது. எடுத்துக் கதைக்காதபடியால் ஆகாது என்று முடிவாயிற்று. ஊரார் இதற்கு வைத்த பெயர் கதையாத் திருவிழா.

அண்ணனும் தம்பியும் முன்தண்டில் பக்கத்தில் பக்கத்தில் தோள் கொடுத்து வருவார்கள். கதைக்கமாட்டார்கள். அன்றைக்கு ஊரே கதைக்காது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சங்கு ஊதுவதற்கு முன் பாலேஸ்வரியை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டால் நாள் வைத்துவிடலாம் என்பது உதயகலாவின் திட்டம்.

திட்டம் மகளுக்குப் பிடிக்கவில்லை.

தர்சிகா லீவு போட்டிருந்தாள். தகப்பன் வாழைத்தோட்டத்தில் கோயிலுக்குக் குலை வெட்டிக்கொண்டு நின்றபோது, குலையைத் தாங்கிப் பிடிக்கிற சாட்டில் அவளும் போனாள்.

"அப்பா, அவையை ஏமாத்தி நாள் வைக்கிறது எனக்கு விருப்பமில்லை. ஜெயரூபனுக்கு உண்மை தெரியும். மாமிக்கும் நேரை சொல்லுவம்."

"சொன்னா உன்ரை கலியாணம் நிண்டு போகும், பிள்ளை."

"அப்ப சித்தப்பாவோடை கதையுங்கோ. அவ்வளவுதானே?"

கதிரவேலு கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே திரும்பவும் துடைத்தார்.

"கோவமெல்லாம் எப்பவோ போட்டுது. ஆனா என்னெண்டு துவங்கிறது? நாலு வருசம் கழிச்சுப் போய் மழை வருமோ எண்டு கேக்கிறதே? வேலியடியிலை எத்தினை தரம் நிண்டு பாத்திட்டன். வாய் வருகுதில்லை."

தகப்பன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி தர்சிகா கேட்டதில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. குலையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சண்டை வந்த கதையையும் சொல்லிவிடவேண்டும். பெரிய காரணம் என்று எதிர்பார்க்காதீர்கள். திருவிழா முடிந்ததும் உபயகாரக் குடும்பத்தின் மூத்தவருக்கு ஐயர் காளாஞ்சி கொடுப்பார். தட்டில் தேங்காய், வெற்றிலை, பழம், மேலே சாமியிடமிருந்து கழற்றிய மாலை. நாலு வருசத்துக்கு முன் அந்த நேரம் பார்த்து, கதிரவேலு தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்த வெளியே போயிருந்தார். ஐயர் ஊருக்குப் புதுசு. பக்கத்தில் நின்ற கனகலிங்கத்திடம் கொடுத்தார். கனகலிங்கமும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த அண்ணன், தம்பி மாலையோடு நிற்பதைக் கண்டார். 'உங்களுக்காகத்தான் வாங்கி வைத்திருக்கிறேன்' என்று தம்பி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'பரவாயில்லை' என்று அண்ணன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "மூத்தவன் செத்துப் போனான் எண்டு நினைச்சிட்டியோ?" என்று சபை நடுவே கேட்டார். அன்றோடு சரி. பெண்கள் மட்டும் வேலிக்கு மேலால் கறி மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய கறியை இரண்டு ஆண்களும் ருசித்துச் சாப்பிட்டார்கள், யார் வீட்டுக் கறி என்று கேட்காமலே.

யாருடைய மாலைக்குச் சண்டை பிடித்தார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சண்டேஸ்வரர் மாடு மேய்த்த பிள்ளை. மணலில் லிங்கம் பிடித்து, பாலைச் சொரிந்து, உலகத்தை மறந்து இருந்தவர். பால் வீணாகிறது என்று தகப்பன் வந்து குடத்தை உதைத்தபோது, பக்கத்தில் கிடந்த கோலை எடுத்து வீச, அது மழுவாகித் தகப்பனின் காலை வெட்டியது. (இந்த இடம் வந்தால் கதிரவேலு பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை நிறுத்திவிடுவார்.) சிவன் வந்து அவரைத் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டார். அவ்வளவு பக்திக்கும் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? சாமிக்குச் சாத்திக் கழித்த மாலையும், படைத்து மீந்த சோறும். அதை வாங்கிக்கொண்டு கருவறைக்குப் பக்கத்தில் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை அவர் ஒரு முறைப்பாடும் சொன்னதில்லை.

மத்தியானம் உதயகலா பூவும் பழமும் கொண்டு கோயிலுக்குப் போனாள். சண்டேஸ்வரர் சந்நிதியில் நின்று பலமாகக் கைதட்டினாள். கோயிலில் இருந்து ஒன்றும் கொண்டு போகவில்லை என்று காட்டத்தான் கை தட்டுவது என்பார்கள். அவள் தட்டியதில் வேறு அவசரமும் இருந்தது.

"மெல்ல, மெல்ல, பிள்ளை," என்றார் ஐயர். "மனிசன் தியானத்திலை இருக்கிறார்."

"என்ரை அந்தரம் அவருக்குக் கேக்கவேணும், ஐயா. இண்டைக்குப் பூசையைக் கொஞ்சம் இழுத்துச் செய்யேலாதோ?"

"எவ்வளவுக்கு இழுக்க?"

"ஒரு ஓட்டோ வெளிக்கிட்டுப் போகும் வரைக்கும்."

ஐயர் சிரித்தார். காளாஞ்சியை ஆள்மாறிக் கொடுத்தது தான்தான் என்ற கவலை அவருக்கு இன்னும் உண்டு. "நானும் நாலு வருசமாய் இவரிட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்றார். "அவர் ஆறுதலாய், மெல்லத்தான் செய்வார். ஆனா செய்வார்."

உதயகலா இன்னொருமுறை தட்டினாள். இந்தத் தடவை மெதுவாக.

பின்னேரம் பாலேஸ்வரி மாம்பழக்கலர்ச் சேலையில் வந்து இறங்கினாள். உதயகலா ஓட்டோக்காரரிடம் ஓடிப்போய், எங்கும் போகவேண்டாம், வாசலைப் பார்த்தபடி நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு கதையாத் திருவிழாவின் விதிகளை விளக்கினாள். தேவைக்குக் கொஞ்சம் கூடவே விளக்கினாள்.

வாசலில் சாமி தயாராக இருந்தார். சண்டேஸ்வரர் உருவம் சிறியது, ஆனால் பழைய மரப்பீடம் பாரம். முன்னுக்கு வலப்பக்கம் கதிரவேலு, இடப்பக்கம் கனகலிங்கம். பின்னுக்கு ஊர் இளந்தாரிகள் இரண்டு பேர்.

"ஆர் சித்தப்பா? இடப்பக்கம் நிக்கிறவரே?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"ஓம் மாமி," என்றாள் தர்சிகா.

"ரெண்டு பேரையும் ஒரு அச்சிலை வார்த்த மாதிரிக் கிடக்கு. காலிலை என்ன, கட்டு?"

"சித்தப்பாவுக்குச் சீனி வருத்தம். விரலிலை புண் வந்து இப்பதான் ஆறிக்கொண்டு வருது."

"அப்பிடியே? சாமி வெளிக்கிட முதல் நான் போய் ரெண்டு வார்த்தை கதைச்சிட்டு வாறன்."

உதயகலா ஐயரைத் திரும்பிப் பார்த்தாள். பாலேஸ்வரி ஒரு அடி எடுத்து வைத்தாள். அந்த நேரம் ஐயர் கையை உயர்த்தினார், சாமி எழுந்தார், வீதி முழுவதும் கப்சிப் என்று அடங்கிப்போயிற்று. பாலேஸ்வரி எடுத்து வைத்த காலோடு நின்றாள்.

அந்த அமைதி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம். கால் மணலில் பதிகிற சத்தம் கேட்கும். பெண்களின் வளையல் கேட்கும். யாருக்காவது தும்மல் வந்தால் ஊரே சேர்ந்து அடக்கும். கதிரவேலுவுக்கு இந்த ஒரு மணித்தியாலத்தைப் போல ஒன்று வருசத்தில் வேறு கிடையாது. தோளில் சாமி, பக்கத்தில் தம்பி. கதைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வாய் வராதே என்ற பயமும் இல்லை.

தெற்கு வீதி முடிந்தது, மேற்கு வீதி முடிந்தது. பாலேஸ்வரி சாமியைப் பார்க்காமல், காவுகிற இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்ததை தர்சிகா கவனித்தாள். இவ்வளவு பக்கத்தில் வருகிறவர்கள் ஒருதரமாவது ஆளை ஆள் பார்க்கவேண்டாமா என்று அந்த முகம் யோசிப்பது தெரிந்தது.

சாமி வடக்கு வீதியில் திரும்பினார். வாசல் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வீதியோரம் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலை அன்று காலைதான் பிரித்திருந்தார்கள். கால்களைப் பிடுங்கியவர்கள் குழிகளை மூடவில்லை. ஒரு குழியின்மேல் காய்ந்த தென்னோலைத் துண்டு ஒன்று கிடந்தது. கனகலிங்கம் போகிற வழியில், நேரே.

கதிரவேலு கண்டுவிட்டார்.

கையால் காட்டலாம். காட்டினால் பார்க்க ஒரு கண் வேண்டும். கனகலிங்கம் நாலு வருசப் பழக்கத்தில் முகத்தை மற்றப் பக்கம், கிளுவைவேலிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கதிரவேலு இரண்டு தரம் கையை ஆட்டினார். பிறகு தண்டைத் தன் பக்கம் இழுத்தார். அண்ணன் வீண் இழுபறிப்படுகிறார் என்று நினைத்த தம்பி, விடாமல் தன் பக்கம் இழுத்தார். கட்டுப்போட்ட கால் ஓலைக்கு மேலே உயர்ந்தது.

"தம்பி! குழியடா! காலை வையாதை!"

வடக்கு வீதி முழுவதும் கேட்டது. அரசமரத்தில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

கனகலிங்கத்தின் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னே வந்து நல்ல நிலத்தில் ஊன்றியது. அவர் முகம் திரும்பியது. நாலு வருசத்தில் முதல் தடவையாக அண்ணனை நேருக்கு நேர் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயை ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. மூடிக்கொண்டார்.

ஐயர் கையை உயர்த்தி ஒரு வட்டம் போட்டார். மறுபடியும் முழுவீதி.

கதிரவேலுவுக்கு அவமானத்தில் காது சுட்டது. வருசா வருசம் வாசலில் நின்று சிறுவர்களுக்கு விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறவர் அவர்தான். அவருடைய குடும்பத்து உபயத்தில், அவருடைய வாயால் விதி உடைந்துபோயிற்று. உதயகலா தலையில் கையை வைத்தாள். பாலேஸ்வரி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது என்று இருந்தது. திட்டமும் போயிற்று, நாளும் போயிற்று என்று உதயகலாவுக்கு அழுகை முட்டியது. அழவும் முடியாது, சத்தம் வரும்.

ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சாமி வாசலுக்கு வந்து, உள்ளே போகாமல் திரும்பவும் தெற்கு வீதிக்குத் திரும்பியபோது, முழங்கால் நோவுக்காரர்கள்கூட மண்டபத்தில் உட்காராமல் பின்னால் நடந்தார்கள். வீட்டில் நித்திரை கொண்டவர்கள் சிலர் எழும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். கதிரவேலு குரல் கொடுத்தார் என்ற செய்தி, வாய் திறக்காமலே எப்படியோ ஊருக்குள் போயிருந்தது.

இரண்டாம் சுற்று முழுவதும் கதிரவேலுவின் மனம் ஒரே இடத்தில் நின்றது. வாய் வராது, வாய் வராது என்று நாலு வருசம் இருந்தவர், வந்த சொல்லைத் தடுக்க ஒரு கணமும் யோசிக்கவில்லை. அது வந்துவிட்டது. இனி அவன் என்ன சொல்வான்? சொல்வானா? பக்கத்தில் கனகலிங்கம் நேரே பார்த்தபடி நடந்தார். அந்த முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

வடக்கு வீதியில் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கனகலிங்கம் அண்ணன் பக்கம் நன்றாக ஒதுங்கினார். இருவரின் தோளும் உரசின. கதிரவேலுவும் விலகவில்லை.

சாமி வாசலுக்கு வந்தார். தீபம் காட்டினார்கள். சங்கு ஊதியது.

அடைத்து வைத்த வாய்கள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்தன. அரோகரா என்றார்கள், குழியை மூடாதவன் யார் என்றார்கள், தண்ணீர் கேட்டார்கள். பீடத்தை இறக்கி வைத்த அண்ணனும் தம்பியும் மட்டும் பேசாமல் நின்றார்கள்.

"அண்ணை," என்றார் கனகலிங்கம்.

"ம்?"

"குழி என்ரை பக்கம்தானே இருந்தது?"

"ஓம், உன்ரை பக்கம்தான்."

"பின்னை ஏன் தண்டை இழுத்தனீங்கள்? வாயாலை சொல்லியிருக்கலாமே?"

கதிரவேலு அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கதிரவேலு சால்வையால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுதார். மறைக்க ஒன்றுமில்லை, சந்தோஷத்தில்தான் அழுதார்.

ஐயர் காளாஞ்சியோடு வந்தார். இந்த முறை பிழை விடக்கூடாது என்று நேரே மூத்தவரிடம் நீட்டினார்.

"தம்பியிட்டைக் குடுங்கோ, ஐயா," என்றார் கதிரவேலு. "கதைச்சுக் குழப்பினவனுக்கு என்னத்துக்கு மரியாதை?"

"அண்ணை நிக்கேக்கை நான் வாங்கிறதே?" என்றார் கனகலிங்கம். "ஒருக்கா வாங்கிப் பட்டது போதும். நீங்கள் வாங்குங்கோ."

"நீ வாங்கடா."

"நான் தொடமாட்டன்."

"தொடாட்டி நான் வீட்டை போறன்."

ஐயருக்குக் கை உளைந்தது. நாலு வருசத்துக்கு முன் வாங்கியதால் சண்டை, இப்போது வாங்காததால் சண்டை. இவர்கள் முடிவுக்கு வருவதற்குள் அடுத்த கொடியேறிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். சுற்றிப் பார்த்தார். "பிள்ளை, இஞ்சை வாங்கோ," என்று தர்சிகாவைக் கூப்பிட்டு அவள் கையில் தட்டை வைத்துவிட்டு, மடைப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

சண்டேஸ்வரரிடமிருந்து கழற்றிய மாலை அவள் கைக்குக் கீழே தொங்கியது. பூ கொஞ்சம் வாடியிருந்தது, வாசம் போகவில்லை. அவளுக்கு அதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

பாலேஸ்வரி கிட்ட வந்தாள். உதயகலா அவசரமாக, "ஓட்டோ நிக்குது, அக்கா, உங்களுக்கு நேரம் போகுது..." என்று தொடங்கினாள். பாலேஸ்வரி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எவ்வளவு காலம்?" என்று தர்சிகாவிடம் கேட்டாள்.

தர்சிகா தாயைப் பார்க்கவில்லை. "நாலு வருசம், மாமி. நாங்கள் உங்களுக்கு மறைச்சது பிழை. அதுக்காக நீங்கள் வேண்டாம் எண்டாலும் நான் கோவிக்கமாட்டன்."

பாலேஸ்வரி சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குப் பதினொரு வருசம்," என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. கதிரவேலுவும் கனகலிங்கமும் திரும்பினார்கள்.

"என்ரை கூடப்பிறந்த அண்ணை. ஜெயரூபனுக்குத் தாய்மாமன். மருதனார்மடச் சந்தியிலை மரக்கறிக்கடை வைச்சிருக்கிறார். நான் சந்தைக்குப் போனா அவரின்ரை கடையைத் தாண்டிப் போய்த்தான் கத்தரிக்காய் வாங்கிறனான். அவர் என்னைக் கண்டா தராசைப் பாப்பார். நான் குடையைப் பாப்பன்."

"பின்னை எங்களைப் பாத்து அப்பிடிக் கேட்டனீங்களே, அக்கா!" உதயகலாவால் அடக்க முடியவில்லை. "சகோதரம் ஒட்டாத வீட்டிலை சம்பந்தம் செய்யமாட்டம் எண்டு?"

"உங்கடை பக்கமாவது முழுசாய் இருக்கட்டும் எண்டுதான் கேட்டனான். ரெண்டு பக்கமும் ஓட்டையெண்டா பிள்ளையள் மழைக்கு எங்கை ஒதுங்கிறது?" என்றாள் பாலேஸ்வரி. "பொன்னுருக்கு நேரம் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலை மாமன் நிக்கவேணும். ஆர் நிப்பினம் எண்டு நினைச்சு நான் நித்திரை கொண்டு எத்தினை நாள்."

உதயகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கா இவ்வளவு பயந்தோம் என்று அவளுக்கு இருந்தது.

"என்னத்துக்குக் கோவம்?" என்று கனகலிங்கம் கேட்டார்.

பாலேஸ்வரி வாயைத் திறந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "அது இப்ப வேண்டாம், தம்பி. கோயில் வாசலிலை சொல்லுற கதை இல்லை."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்க்கப் பழகிவிட்டார்கள்.

"நாளைக்குக் காலமை மருதனார்மடம் போவமே, அண்ணை?"

"ஓம். உன்ரை காலோடை நீ மோட்டார் சைக்கிள் ஓடவேண்டாம். பின்னுக்கு இரு, நான் ஓடுறன்."

"போய் என்ன சொல்லப்போறியள்?" என்றாள் பாலேஸ்வரி. "அவர் ஆர் சொல்லியும் கேக்கமாட்டார். எங்கடை ஊர்ப் பெரியாக்கள் போய்ப் பாத்திட்டினம். எங்கடை கோயில் ஐயரும் போய்ப் பாத்திட்டார்."

"நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம்," என்றார் கதிரவேலு. "போய் நிப்பம். ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போய் நிக்கிறதைப் பாக்கட்டும்."

பாலேஸ்வரி ஓட்டோவில் ஏறினாள். நாள் வைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை என்பது போல தர்சிகாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, போகலாம் என்று ஓட்டோக்காரரின் தோளில் தட்டினாள். ஓட்டோ கிளம்பி, கோயில் முகப்பு வரை போய், நின்றது.

அவள் இறங்கி நடந்து வந்தாள். சேலைக் கொசுவம் மணலில் இழுபட்டது.

"நானும் வாறன்," என்றாள். "சந்தியிலை நிக்கிறன், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா ஒண்டு, கடைக்குள்ளை போனாப் பிறகு முதல் வார்த்தை அவர்தான் கதைக்கவேணும். நான் கதைக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."